மாதேஷ் பெயரில் இருபத்தாறு வாரம்

கொட்டச்சேடு
20.11.2023

மாதேஷ் அண்ணனுக்கு,

லூர்துசெல்வி எழுதுகிறேன். மரியஅந்தோணியின் மனைவி என்று சேர்த்துச் சொன்னால்தான் ஞாபகம் வருமோ என்னவோ. மூன்று மாதமாக போன் அடிக்கிறேன், எடுக்கவில்லை. ஆகஸ்டில் ஒரே ஒரு தடவை எடுத்து, "அப்பறம் கூப்புடறன் தங்கச்சி" என்று வைத்தீர்கள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதனால் மஞ்சக்குட்டையில் உங்கள் வீட்டுக்கே ஜீப் பிடித்துப் போய் கலா அண்ணியிடம் உங்கள் யூனிட் முகவரியை வாங்கி வந்தேன். போனில் நழுவலாம். கடிதத்தில் நழுவினால் அது என் கையில் எழுத்தாக இருக்கும். நான் காபி எஸ்டேட்டில் ரைட்டர். தினமும் காலை ஏழு மணிக்கு நாற்பது பேரை ஆஜர் புத்தகத்தில் ஏற்றுகிறவள். எழுத்தில் இருப்பதை மட்டும்தான் மேலே இருப்பவர்கள் நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும்.

அவருக்கு உடம்பு சரியில்லை என்பது வரைக்கும் உங்களுக்குத் தெரியும். இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்று தெரியாது. கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் சக்தி, திரும்பி நின்று சொந்தத் தசையையே தாக்குகிற நோயாம். தோளும் தொடையும் போய்விட்டன. கட்டிலிலிருந்து நான் தூக்கிவிட்டால்தான் எழுகிறார். தலை சீவக் கை எழவில்லை. சில நாள் கஞ்சி விழுங்கவே பத்து நிமிடம் ஆகிறது. கண் இமையும் விரல் முட்டிகளும் சிவந்து தடித்திருக்கின்றன. வெயில் படக் கூடாது என்று சொன்னதால் தெற்கு ஜன்னலில் சாக்கைத் தைத்து மாட்டியிருக்கிறேன். மூடுபனி இறங்குகிற நாளில் மட்டும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறேன்.

எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே இருப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நாற்பத்தொரு படி. ஜூனிலிருந்து ஆஸ்பத்திரி போகும் நாள் தவிர அவர் ரோட்டைப் பார்த்ததில்லை. அன்றைக்கும் எஸ்டேட்டிலிருந்து முருகனும் ஜேசுதாஸும் வந்து நாற்காலியோடு தூக்குகிறார்கள். தூக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். பயம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். வெட்கம் அண்ணா.

விஷயத்துக்கு வருகிறேன். சேலத்தில் பார்க்கிற டாக்டரம்மா ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். என்ன பெயிண்ட் தொட்டீர்கள், தின்னரில் கை கழுவினீர்களா, எவ்வளவு உயரத்தில் எத்தனை வருஷம், பனியில் பட்டுத் திரும்புகிற வெயிலில் முகத்தை மூடினீர்களா, எந்தப் புகையில் நின்றீர்கள். கடைசிக் கேள்விக்கு இவர், "மேல இருந்தப்ப குப்பைக் குழி எரிச்சங்க, ரெண்டு குளிர்காலம். முப்பது வாரம் வருமுங்க" என்றார். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். இதுதான் காரணம் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, ஆனால் பட்டாளத்துக்காரர்களுக்கு இந்த நோய் வந்தால் புகையைப் பற்றி விசாரிக்காமல் விடக் கூடாது என்று எழுதியும் கொடுத்தார்.

பட்டாளத்து மருத்துவ போர்டு என்ன சொன்னது தெரியுமா? டியூட்டி புத்தகத்தில் அவர் பெயரில் நான்கு வாரம்தான் இருக்கிறதாம். ஆகவே நோய்க்கும் சேவைக்கும் தொடர்பில்லையாம்.

மீதி இருபத்தாறு வாரம் யார் பெயரில் இருக்கிறது என்று மூன்று நாள் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாம் நாள் சொன்னார். "மாதேஷ் பேரு. அதோட உட்டுரு."

நான் விடுவதாக இல்லை. அந்த இருபத்தாறு வாரமும் நின்றது அந்தோணி என்று நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கு மார்ச் 31 கடைசி. தொடர்பில்லை என்றே முடிந்தால் பட்டாளம் மருந்து தராது, அதை வெளியில் வாங்கி எங்களால் ஓட்ட முடியாது. அதைவிட, நடிக்கிறான் என்று யூனிட்டில் சொன்னார்களே, அந்தச் சொல் அவரோடு நின்றுவிடும். இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது.

லூர்துசெல்வி


முகாம்
11.12.2023

தங்கச்சி லூர்துசெல்விக்கு,

மாதேஷ் எழுதுவது. கடிதம் கிடைத்தது. இங்கே ரோடு பனியில் மூடிவிட்டது. தபால் ஹெலிகாப்டரில் வருகிறது, காற்றடித்தால் அதுவும் இல்லை. இந்த இடத்தின் பெயரை எழுதக் கூடாது. சிக்னலும் கிடையாது, அதனால்தான் போன் எடுக்க முடியவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே சாமி.

நானும் அந்தோணியும் சேலத்தில் ஆளெடுப்புக்கு ஒரே பஸ்ஸில் போனவர்கள். ஓட்டத்தில் எனக்கு முன்னால் ஓடியவன். அவனைத் தூக்கி உட்கார வைக்கிறாய் என்று படித்தபோது கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மறுநாள்தான் மீதியைப் படித்தேன்.

அந்தக் குழியைப் பற்றி நீ கேட்டதால் சொல்கிறேன். அந்த உயரத்தில் குப்பையைக் கீழே இறக்க வண்டி கிடையாது. பிளாஸ்டிக், பேட்டரி, பெயிண்ட் டப்பா, கிழிந்த தூக்கப் பை, எல்லாம் ஒரே குழியில். டீசல் ஊற்றிப் பற்ற வைத்துவிட்டு அணையாமல் கிளறிக்கொண்டே நிற்க வேண்டும். புகை மேலே போகாது, குளிருக்குத் தரையோடு படுத்துக்கொள்ளும். வார முறை போட்டிருந்தார்கள், குப்பை எரிப்புப் பொறுப்பு என்னிடம் இருந்ததால் என் பெயரில்தான் அதிகம் விழுந்தது. வாரத்தை மாற்றிக்கொள்வது எல்லாரும் செய்கிறதுதான். நோம்பிக்கு ஒருத்தன், கிறிஸ்துமஸுக்கு ஒருத்தன். மாற்றினால் அதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று விதி. அதை யாரும் வாங்குவதில்லை. முறை யாருடையதோ அவனே செய்ததாகக் கையெழுத்துப் போட்டுவிடுவான்.

அங்கேதான் சிக்கல் தங்கச்சி. இருபத்தாறு இடத்திலும் இருப்பது என் கையெழுத்து. அது பொய் என்று நானே எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது. நான் இப்போது ஹவில்தார். ஏப்ரலில் நாயிப் சுபேதார் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. அதில் என் பெயர் இருக்கிறது. இருபது வருஷம் இதற்காகத்தான் இந்தப் பனியில் கிடந்தேன். இந்தத் தடவை விட்டால் வயசு தாண்டிவிடும், ஹவில்தாராகவே மஞ்சக்குட்டைக்கு வர வேண்டியதுதான்.

டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்தக் குழியில் இன்னும் ஒன்பது பேர் நின்றார்கள். ஒருத்தனுக்கும் ஒன்றும் வரவில்லை. வெயிலாக இருக்கலாம், ஏதாவது காய்ச்சலாக இருக்கலாம், உடம்புவாகாகவும் இருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு கிளார்க் போர்டில் இருக்கிறார், அவரிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

அந்தோணியைக் கேட்டதாகச் சொல்லு. இல்லை, நீ எழுதியது அவனுக்குத் தெரியாது என்றாயே. சொல்ல வேண்டாம்.

மாதேஷ்


கொட்டச்சேடு
28.12.2023

மாதேஷ் அண்ணனுக்கு,

கிளார்க்கிடம் சொல்ல வேண்டாம். நான் கேட்டது சிபாரிசு இல்லை.

சிக்னல் கிடையாது என்கிறீர்கள். கலா அண்ணியிடம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை எந்த சிக்னலில் பேசுகிறீர்களோ அந்த சிக்னலில் என்னிடமும் பேசியிருக்கலாம். சரி, அது போகட்டும்.

டிசம்பர் 14 அன்று நடந்ததைச் சொல்கிறேன். பழம் பறிக்கிற சீசன், ஏழு மணிக்கு நான் தோட்டத்தில் இருக்க வேண்டும். குழந்தை அபிஷாவைப் பள்ளிக்கூட ஜீப்பில் ஏற்றிவிட்டு, இவரை நாற்காலியில் உட்கார வைத்து, கைக்கு எட்டும்படி தண்ணீரும் போனும் வைத்துவிட்டுப் போனேன். ஒன்பது மணிக்கு எழுந்து பார்க்கலாம் என்று முயற்சி பண்ணியிருக்கிறார். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் விழுந்துவிட்டார். போன் அவர் தலைக்கு மேலே கட்டிலில் கிடக்கிறது. கை எழவில்லை. நான் பன்னிரண்டரைக்கு வந்து பார்க்கிறேன், கன்னத்தில் எறும்பு ஊர்கிறது, அதைத் தட்டிவிடக்கூட முடியாமல் கிடக்கிறார். நான் அழுததைப் பார்த்து, "ஏனுங்க ரைட்டரம்மா, தரை குளுகுளுன்னு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்த மனுஷன், மூன்றரை மணி நேரம் மூன்றடி இடத்தில் கிடந்தார் அண்ணா. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு வீடு கிடையாது. கத்தவும் அவருக்குச் சத்தம் வருவதில்லை. அன்றிலிருந்து தோட்டத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சந்துதான் தெரிகிறது. வேலையை விட்டால் சோறில்லை, விடாவிட்டால் இப்படி. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

கையெழுத்து பொய் என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என்கிறீர்கள். நன்றாகத் தெரியும். போன வருஷம் வனிதாவுக்குக் காய்ச்சல். அவளுக்கு ஆஜர் போகக் கூடாதென்று அவள் பெயரில் காமாட்சி வந்து பறித்தாள். எனக்குத் தெரியும், தெரிந்தே வனிதா என்று எழுதினேன், பாவம் என்று. அன்றைக்குப் பார்த்து சில்வர் ஓக் கிளை முறிந்து காமாட்சியின் தோளில் விழுந்தது. புத்தகத்தில் காமாட்சி அன்று வேலைக்கே வரவில்லை. வைத்தியச் செலவு கிடையாது என்றார் மானேஜர். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், "நான் எழுதினது பொய்யிங்க, வந்தது காமாட்சி" என்றேன். மெமோ கொடுத்தார்கள். அந்த மெமோ இன்னும் என் பைலில் இருக்கிறது, அதனால் ஹெட் ரைட்டர் வேலை வேறொருவருக்குப் போனது. நான் சாகவில்லை. காமாட்சிக்கு வைத்தியம் நடந்து கை வந்துவிட்டது.

அதனால் அந்தப் பயத்தை என்னிடம் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. போர்டு எழுதிய முழுக் காரணமும் தபாலில் வந்திருக்கிறது. இந்தியும் இங்கிலீஷுமாக இருந்ததைப் பள்ளிக்கூடத்து ஆசிர் சார் தமிழில் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். "இதே யூனிட்டில் இதே எரிப்புப் பணியை மிக அதிக வாரங்கள் செய்த வீரர் முழு ஆரோக்கியத்துடன் இருக்கிறார். அவருடைய ரத்தப் பரிசோதனைகள் மூன்று ஆண்டுகளாக இயல்பாக உள்ளன. ஆகவே புகைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு காட்ட இயலவில்லை."

யார் அண்ணா அந்த வீரர்?

லூர்துசெல்வி


முகாம்
22.1.2024

லூர்துசெல்விக்கு,

எஸ்டேட் மெமோவும் பட்டாள விசாரணையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு பேசுகிறாய். இருக்கட்டும். நீ கேள்வி மேல் கேள்வி கேட்கிறாய். இன்றைக்கு நான் ஒன்று கேட்கிறேன்.

2018 நவம்பரில் ஊரிலிருந்து நீ அவனுக்குப் போனில் என்ன சொன்னாய்? வயிற்றில் அபிஷா எட்டு மாதம். "கிறிஸ்துமஸுக்கு ஊட்டுக்கு வரலைன்னா புள்ளைக்கு அப்பன் யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேன்" என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தான், கூடாரத்தில் எல்லாரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

டிசம்பர், ஜனவரி லீவு எங்கள் செக்‌ஷனில் ஒருத்தனுக்குத்தான். அந்த வருஷம் அது எனக்கு விழுந்திருந்தது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன் என்று கலாவிடம் சொல்லி, அவள் தையல்காரனிடம் துணிகூடக் கொடுத்துவிட்டாள். இரண்டு நாள் என் பின்னாலேயே சுற்றினான். "மாதேஷ், அந்த லீவை எனக்குக் குடுரா. உன் குழி வாரம் அத்தனையும் நான் பாத்துக்கறேன்." சரி என்றேன். அவன் வந்தான், குழந்தை பிறந்ததைப் பார்த்தான், ஒண்டிக்கடையில் வாங்கின கேக்கை எனக்குப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தான். அடுத்த வருஷமும் நீ குழந்தையின் முதல் கிறிஸ்துமஸ் நொம்ப முக்கியம் என்றாய். மறுபடியும் அதே பேச்சு. முதல் வருஷம் பன்னிரண்டு வாரம், அடுத்த வருஷம் பதினாலு வாரம். இரண்டு பொங்கலுக்கும் நான் பனியில் கிடந்தேன். கலா என்னோடு நாலு மாதம் பேசவில்லை.

அவன் குழியில் நின்றது எனக்காக இல்லை, உனக்காக. ஏன் உன்னிடம் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான் என்று இப்போது புரிகிறதா?

இதை எழுதக் கூடாதென்றுதான் முதல் கடிதத்தில் விட்டேன். நீ எழுத வைத்துவிட்டாய்.

மாதேஷ்


கொட்டச்சேடு
5.2.2024

மாதேஷ் அண்ணனுக்கு,

கடிதத்தைத் தோட்டத்தில் பிரித்தேன். அன்றைக்கு இரண்டு பேருக்கு ஆஜர் போட மறந்துவிட்டேன்.

ஆமாம், சொன்னேன். ஒரு வார்த்தை மாறாமல் அப்படித்தான் சொன்னேன். முதல் பிரசவம், மாமியார் இல்லை, எங்கள் அம்மாவுக்குக் கண் தெரியாது, எனக்குப் பயம். வா என்று கேட்டேன். அவர் எப்படி வந்தார் என்று கேட்கவில்லை. "நம்ம அதிர்ஷ்டம் செல்வி, லீவு கெடச்சிருச்சு" என்றார், நம்பினேன். வந்திருந்த நாளெல்லாம் குழந்தையைத் தூக்கித் தூக்கிக் கொஞ்சினார். இப்போது அதே கையால் அவளைத் தூக்க முடியாது. அவளே வந்து அவர் மடியில் ஏறிக்கொள்கிறாள், தொடை வலிக்கும் என்று அவரே சொல்வதில்லை.

அவரிடம் கேட்டுவிட்டேன். உங்கள் கடிதத்தைக் காட்டவில்லை, கேட்டேன். "நீ கூப்புடாமயே நான் வந்திருப்பேன். எம்புள்ளையைப் பாக்க எனக்கு ஆசை இருக்காதா?" என்றார். அது என்னைத் தேற்றச் சொன்னதா, நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியப்போவதும் இல்லை.

நீங்கள் எறிந்த கல் சரியாகத்தான் பட்டது. என் பங்கு என்னுடையது, அதை நான் சுமந்துகொள்கிறேன். உங்கள் இரண்டு பொங்கலுக்கும், கலா அண்ணியின் நாலு மாதத்துக்கும் நான் மன்னிப்புக் கேட்கிறேன். அடுத்த தடவை மஞ்சக்குட்டைக்குப் போகும்போது அண்ணியிடமும் நேரில் கேட்பேன்.

ஆனால் நான் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. அதிக வாரம் குழியில் நின்றும் ஆரோக்கியமாக இருக்கிற அந்த வீரர் யார்? அவருடைய ரத்தத்தை எதற்காக மூன்று வருஷம் எடுத்தார்கள்?

எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். நீங்களே எழுதுங்கள்.

லூர்துசெல்வி


முகாம்
3.3.2024

தங்கச்சிக்கு,

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி 26ஆம் தேதி யூனிட் தலைமை அதிகாரி சி.ஓ.விடம் எழுத்துமூலமாக வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். யூனிட் முத்திரை போட்ட நகல் இதோடு இருக்கிறது. இருபத்தாறு வாரத்தின் தேதியும் போட்டிருக்கிறேன். அந்த வாரங்களில் குழியில் நின்றது நாயக் மரியஅந்தோணி, கையெழுத்து மட்டும் என்னுடையது, மருத்துவக் குழு பரிசோதித்த ரத்தமும் என்னுடையது, நான் அந்தப் புகையில் நின்றவன் இல்லை என்று எழுதியிருக்கிறேன். சி.ஓ. இரண்டு தடவை படித்தார். "புரிந்துதான் எழுதினாயா?" என்று இந்தியில் கேட்டார். புரிந்துதான் சாப் என்றேன். மறுநாள் விசாரணை ஆரம்பித்தது. பட்டியலில் என் பெயரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கலாவிடம் சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

நீ கேட்ட வீரன் நான்தான். 2020இல் ஒரு மருத்துவக் குழு வந்தது. உயரத்தில் குப்பைப் புகையில் நின்றவர்களுக்கு நுரையீரலும் தசையும் என்ன ஆகிறது என்று ஆராய்ச்சி. டியூட்டி புத்தகத்தைப் பார்த்துத்தான் ஆளைப் பிரித்தார்கள். பத்து வாரத்துக்கு மேல் நின்றவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம். புத்தகத்தில் முதல் பெயர் என்னுடையது. அந்தோணிக்கு நாலு வாரம்தானே, அவனைக் கூப்பிடவில்லை. நான் சட்டைக் கையை மடித்து உட்கார்ந்திருக்கும்போது அவன் கூடார வாசலில் நின்று, "ஏன்டா, எம்புகைக்கு உன் ரத்தமா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். டாக்டர் என்ன என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றோம். ஊசிக்குப் பயப்படுகிறவன் நான், அதுதான் எங்களுக்கு அன்று வேடிக்கை.

அடுத்ததைத் தனித் தாளில் எழுதுகிறேன். அவனுக்குக் காட்டுவதா வேண்டாமா என்பதை நீ முடிவு செய்துகொள்.

இரண்டாம் தாள்

2021 அக்டோபர். அந்தக் குழுவில் இருந்த டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்து, "உன் தசை நன்றாக இருக்கிறது. கெட ஆரம்பித்தால் ஆளுக்குத் தெரிவதற்கு முன்பே இந்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், ஆரம்பத்திலேயே பிடித்தால் மருந்தில் நிறுத்திவிடலாம்" என்றார்.

அதே வாரம் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தோம். அந்தோணி பாதியில் உட்கார்ந்துவிட்டான். "தொடை ரெண்டும் என்னுதே இல்லைங்கற மாதிரி கெடக்குது மாதேஷ். பல்லு வெளக்கக் கைய தூக்குனா நடுங்குது" என்றான். சுபேதார் சோம்பேறி என்று திட்டினார். டாக்டர் பக்கத்துக் கூடாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால் போதும். எனக்கு அந்த நிமிஷமே தோன்றியது தங்கச்சி. தோன்றவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கூட்டிப் போனால் நாலு வாரக்காரனுக்கு எதற்கு என்று கேட்பார்கள். புத்தகத்தைப் புரட்டுவார்கள். அந்த வருஷம்தான் நான் ஹவில்தார் ஆகியிருந்தேன்.

"எண்ணெய் போட்டு உருவுடா, செரியாப் போகும்" என்றேன். அவன் நான் சொன்னதை நம்பி ஒரு மாதம் எண்ணெய் தேய்த்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆறு மாதமும் என் கையில் ஊசி ஏறும்போது அவன் சிரித்தது ஞாபகம் வரும். ஒன்றரை வருஷம் கழித்து அவன் விழுந்தான். போன் எடுக்காததற்கு சிக்னல் காரணமில்லை.

மாதேஷ்


கொட்டச்சேடு
19.3.2024

மாதேஷ் அண்ணனுக்கு,

வாக்குமூலம் வந்து சேர்ந்தது. ஆசிர் சார் மேல்முறையீட்டோடு சேர்த்து நேற்று சேலத்திலிருந்து பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார். ரசீது என்னிடம் இருக்கிறது. அவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியாது. ஆனால் அதிகம் நின்றவன் நன்றாக இருக்கிறான் என்று இனி அவர்களால் எழுத முடியாது.

இரண்டாம் தாளைப் படித்த பிறகு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். உங்கள் பெயரைச் சொல்லாமல், இவர் இரண்டு வருஷம் முன்னாலேயே டாக்டரிடம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அந்தப் புகையைப் பற்றிக் கேட்டால் எப்போதும் யோசித்து யோசித்துப் பேசுகிறவர், இதற்கு யோசிக்கவில்லை. "இன்னைக்கு அவரே நடந்து வந்திருப்பாரும்மா" என்றார். நான் போனைப் பிடித்துக்கொண்டு சாக்குத் தைத்த ஜன்னல் பக்கத்திலேயே நின்றேன். எதைக் குறை சொல்வது என்று இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தேன், புகையா, வெயிலா, என் வாயா என்று. இப்போது கிடைத்துவிட்டது. கிடைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? அது வேண்டாம் என்றே இருக்கிறது.

உங்களைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். அனுப்பவில்லை. நீங்களும் எங்கேயோ பனியில் அடைபட்டுக் கிடக்கிறீர்கள், அதற்கு மேல் நான் என்ன சொல்ல. மன்னித்துவிட்டேன் என்றும் எழுத மாட்டேன். அது எனக்கு வரவில்லை.

அவரிடம் முதல் தாளையும் வாக்குமூலத்தையும் வாசித்துக் காட்டினேன். அவருக்குத் தெரியாமல் உங்களுக்கு எழுதியதற்கு முதலில் என்னைக் கோபித்தார், அந்தக் கோபத்தில் குரல்கூட வந்தது. அப்புறம் ரத்தம் எடுத்த இடம் வந்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "ஊசியப் பாத்தாலே மூஞ்சி வெளுத்துருமுங்க அவனுக்கு" என்று அபிஷாவிடம் நடித்துக் காட்டப் பார்த்தார். கை எழவில்லை, முகத்தாலேயே நடித்தார். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகிறது. நான் அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டேன். இரண்டாம் தாள் என் ஆஜர் புத்தகத்துக்குள் இருந்தது.

சிரித்து முடித்துவிட்டு, உங்கள் பெயரைப் பட்டியலில் நிறுத்தியதை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கண் கலங்கிவிட்டது. "என்னால அவன் இருபது வருஷம் வீணாப் போச்சு செல்வி. பொங்கலையும் குடுத்தான், இதையும் குடுத்துட்டான். அவன் லீவுல வந்தான்னா கையப் புடிச்சு மன்னிப்புக் கேக்கோணும்" என்றார். அன்றிலிருந்து தினமும் உங்களுக்கு லீவு எப்போது என்று கேட்கிறார். ஏப்ரலில் வருவீர்கள் என்று கலா அண்ணி சொன்னார். நானும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை. அவரிடம் கொடுக்கவும் இல்லை. கொடுத்தால் அவருக்கு மிச்சமிருக்கிற ஒரே சிநேகிதன் போய்விடுவான், கொடுக்காவிட்டால் தினம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் பொய்யாக இருக்க வேண்டும். இதை முடிவு பண்ணுகிற வேலையை என் தலையில் போட்டிருக்கிறீர்கள். அதை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன் அண்ணா. வாருங்கள். தாளை உங்கள் கையில் தருகிறேன். அவர் உங்களிடம் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் வாசித்துவிடுங்கள்.

லூர்துசெல்வி